பச்சை அட்டைக்காரி

மரக்காணம் உப்பளத்தில் கூடை சுமக்கும் பாக்கியலட்சுமிக்குத் தைல வாசனை என்றாலே குமட்டிக்கொண்டு வரும். இரண்டு வருஷமாக வீடு முழுக்க அதுதான். தலையணையில் தைலம், போர்வையில் தைலம், காபி டம்ளரின் விளிம்பில் தைலம். ஒருநாள் சாமி படத்துக்குப் போட்டிருந்த கதம்பத்தை முகர்ந்து பார்த்தாள். அதிலும் அதே நாற்றம். எல்லாம் கட்டிலில் மல்லாந்து கிடந்த சடையப்பனின் இடுப்பிலிருந்து கிளம்பி வந்தது.

சடையப்பன் அவளுடைய புருஷன். லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், ஒருநாள் மூட்டையோடு சரிந்து உட்கார்ந்தான். புதுச்சேரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "டிஸ்க் கொஞ்சம் வெலகியிருக்கு, ஜாக்கிரதையா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவர் அதை அன்று மத்தியானமே மறந்திருப்பார். சடையப்பன் மறக்கவில்லை. அந்த ஒரு 'ஜாக்கிரதை'யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்தவன்தான். குனிந்தால் டிஸ்க் இன்னும் விலகும், குடத்தை நகர்த்தினால் முதுகெலும்பு முறியும் என்று நம்பினான். தும்மல் வந்தால்கூடக் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வான்.

அவனைப் பார்க்க வருகிறவர்கள் மீது அவளுக்கு அதைவிட வெறுப்பு. பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உச்சுக்கொட்டுவார்கள். "எப்டி இருந்த மனுஷன், ஒத்தை ஆளா லாரியை ரொப்புவான்" என்பார்கள். இவன் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொள்வான். எழுந்து போகும்போது, "நீதாம்மா கூட இருந்து நல்லா பாத்துக்கணும்" என்று அவளுக்குப் புத்தி வேறு. அவள் விடியும் முன்னே உப்பளத்துக்குப் போய், வெயில் மண்டையைப் பிளக்கும்போது திரும்பி வந்து, அவனுக்குச் சோறு போட்டு, தட்டைக் கழுவி, தைலம் தேய்த்துவிட்டு நிமிர்ந்தால் பொழுது சாய்ந்திருக்கும். அவளைப் பார்த்து உச்சுக்கொட்ட ஒரு நாதி கிடையாது.

ஏன் கொட்டப்போகிறார்கள்? அவளுக்குத்தான் ஒன்றுமில்லையே. அப்படித்தான் அவளே ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் அவன் விழுவதற்கு முன்பிருந்தே அவளுக்கு இடுப்பு வலி இருந்தது. பழைய நூல் புடவையை நீளமாகக் கிழித்து, பாவாடைக்கு மேலே இறுக்கிச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். யாராவது பார்த்துவிட்டுக் கேட்டால், "என் இடுப்பு நம்மூரு டவுன் பஸ்ஸு மாதிரி. சத்தம் போடும், ஆனா நிக்காது" என்பாள். பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் அடுத்த கூடைக்குத் தலையைக் கொடுத்திருப்பாள்.

அந்த வேலையில் நிற்கவும் முடியாது. ஆண்கள் பாத்திக்குள் நின்று நீளக் கழிப் பலகையால் உப்பை வாரி ஓரத்தில் குவிப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் ஏற்றி, வரப்போடு வரிசையாக நடந்து மேட்டில் கொட்டுவார்கள். வரப்பு ஒற்றை ஆள் நடக்கிற அகலம். முன்னால் போகிறவள் நின்றால் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் தலைச்சுமையோடு நிற்க வேண்டும். கூலியும் கும்பலுக்குச் சேர்த்துப் பேசியது. ஒருத்தி உட்கார்ந்தால் அவள் சுமை மற்றவர்கள் தலையில் ஏறும். அதனால் அங்கே வலிக்கிறது என்று சொல்கிறவளை யாரும் திட்டமாட்டார்கள். ஒன்றும் பேசாமல் ஒரு பார்வை பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலாம்.

சமீபகாலமாக இன்னொன்று சேர்ந்துகொண்டது. வரப்பில் நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் விழுந்துவிடும். அவளுக்குத் தெரியாது. பின்னால் வரும் மாரியம்மாள்தான், "ஏ பாக்கியம், உன் செருப்பு பின்தங்கிடுச்சி பாரு" என்று கத்துவாள். மாரியம்மாள் பக்கத்துத் தெரு. பாக்கியத்தின் தலைக்குக் கூடையைத் தூக்கிவிடுகிறவள். "அதுக்கு வயசாயிடுச்சி, மெதுவா வரும்" என்று பாக்கியம் சொல்ல, அன்றைக்கும் சிரிப்புத்தான்.

மாசி மாதத்தில், ஊர் சமுதாயக்கூடத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு முதுகுவலி முகாம் என்று மேஸ்திரி அர்ச்சுனன் வந்து சொன்னான். புதுச்சேரியிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. பொறுப்பாக வந்தவள் அனுஷியா என்ற பிசியோதெரபி டாக்டர். பிறந்த ஊர் பக்கத்து அனுமந்தைதான், மாதாகோயில் தெரு. அதனால் ஊர்ப் பேச்சு அவளுக்குப் பழக்கம்.

சடையப்பனை ஆட்டோவில் தலையணையோடு கொண்டுவந்து, கூடத்துப் பெஞ்சில் படுக்கவைத்தார்கள். பாக்கியம் உப்பளத்திலிருந்து நேராக வந்தாள். முந்தானை ஓரம் உப்புப் படிந்து அட்டை மாதிரி நின்றது. பேப்பர் கப் டீ, ஈ மொய்க்கும் பிஸ்கட் தட்டு, போட்டோ எடுக்க ஓர் ஆள். அங்கே நிற்கவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அனுஷியா மைக்கில் சொன்னாள். "முதுகு வலிக்குதுன்னு எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றோம். ஆனா வலி வந்தா நாம நடந்துக்கறது ஒரே மாதிரி இல்ல. சில பேரு பயந்துபோய் அசையாம படுத்துடுவாங்க. சில பேரு கவலையிலயே மூழ்கிடுவாங்க. சில பேரு பல்லைக் கடிச்சிக்கிட்டு, வலிக்கவே இல்லாத மாதிரி இன்னும் ஓடுவாங்க. சில பேரு பாத்துப் பதமா சமாளிச்சிக்குவாங்க. யாரு எந்த மாதிரின்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம். படுத்தவங்களை எழுப்பணும், ஓடறவங்களை உக்கார வைக்கணும். மாத்திச் செஞ்சா வலி ஜாஸ்தியாயிடும்."

மனசைக் கேட்டுத்தான் முதுகுக்கு வைத்தியமா என்று பாக்கியம் உதட்டைப் பிதுக்கினாள். கேள்விகளைக் கேட்டு, ஆளுக்கொரு கலர் அட்டை கொடுத்தார்கள். எந்தக் கலர் எதற்கு என்று அனுஷியா சொல்லவில்லை. ஊர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. சிவப்பு அட்டை பயந்தாங்கொள்ளி, மஞ்சள் ஒப்பாரி, நீலம் முரடு, பச்சை சும்மா டீ குடிக்க வந்தது.

இங்கேதான் ஒரு கோளாறு நடந்தது. அந்தப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் நோயாளி பேசுவது கிடையாது. கூட வந்தவர்தான் பேசுவார். நோயாளி நாக்கை நீட்டுவார், சட்டையைத் தூக்குவார், அவ்வளவுதான். பாங்கில் பெண்ணைப் பார்த்துப் பேர் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிற புருஷன்தான் சொல்வான். அதில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. பதில் சொல்வதும் ஒரு சுமை; கூட வந்தவர் அதைத் தூக்கிவிட வேண்டும், அதுதான் மரியாதை. அனுஷியா முதலில், "அவங்களே சொல்லட்டும்" என்று பார்த்தாள். கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவளும் விட்டுவிட்டாள்.

சடையப்பன் முறை வந்தது.

"குனிஞ்சா என்ன ஆவும்னு நெனைக்கிறீங்கண்ணா?"

சடையப்பன் பாக்கியத்தைப் பார்த்தான். அவள் சொன்னாள். "செத்துடுவேன்னு நெனைக்கிறாருங்க."

"வலி கம்மியா இருக்கற நாள்ல ஏதாவது வேலை செஞ்சு பாப்பாரா?"

"வேலையா? அவரு பொரண்டு படுக்கறதுக்கே நல்ல நேரம் பாப்பாரு."

கூடம் சிரித்தது. சடையப்பன் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் நிறுத்தவில்லை. தும்மலுக்குக் கட்டிலைப் பிடிப்பது, செருப்பை அவள்தான் மாட்டிவிட வேண்டியது, கக்கூஸுக்குப் போகச் சுவரைத் தடவித் தடவி நடப்பது, எல்லாவற்றையும் கொட்டினாள். கரிசனத்தில் கவனித்து வைத்ததல்ல. இரண்டு வருஷ வெறுப்பில் பார்த்துப் பார்த்து மனசில் ஏறியது. ஆனால் ஒவ்வொன்றும் சத்தியம். அனுஷியா சிவப்பு அட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"அக்கா, நீங்க உக்காருங்க. உங்களுக்கு?"

பாக்கியம் உட்கார்ந்தாள். பெஞ்சில் படுத்திருந்தபடியே சடையப்பன் குரல் கொடுத்தான். "அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க. இரும்பு."

"இடுப்பு வலி வருமா?"

"வந்தா சிரிப்பா. ஒரு நாளு லீவு போட்டது கெடையாது."

"தூக்கம்?"

"படுத்தா கட்டைதான்."

"கவலை, மன வருத்தம் அந்த மாதிரி ஏதாவது?"

"அவளுக்கு இன்னாங்க கவலை? படுத்துக் கெடக்கறது நானு."

சோற்றுக்கு அரிசி களையணும், இது சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. பச்சை அட்டை கொடுத்தார்கள். "நீங்க நல்லா சமாளிக்கிறீங்கக்கா, இப்படியே இருங்க" என்றாள் அனுஷியா. அந்த அட்டை சரியான அளவாக இருந்ததால், வீட்டுக்கு வந்ததும் மோர்ச் சொம்புக்கு மூடியாகப் போட்டாள்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை சிவப்பு அட்டைக்காரர்களைக் கூடத்துக்கு வரவழைத்தார்கள். எதைக் கண்டு பயமோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வைப்பதுதான் அவர்களுக்கு வைத்தியம். முதல் வாரம் சடையப்பன் குனிந்து தரையிலிருந்து ஒரு காலி டம்ளரை எடுத்தான். கூடம் கைதட்டியது. அனுஷியாவுக்குக் கண் கலங்கிவிட்டது என்று மாரியம்மாள் வந்து சொன்னாள். பாக்கியம் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, வாசலில் உட்கார்ந்து காலில் அப்பிய உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"டம்ளரை எடுத்ததுக்கா?" என்றாள்.

"ஆமா. பாக்கவே எப்டி இருந்திச்சி தெரியுமா?"

"தூ" என்று பக்கவாட்டில் துப்பினாள் பாக்கியம். அன்று காலை அவள் சுமந்ததை அளந்தால் ஒரு வண்டி காணும். அதற்கு யாரும் கைதட்டவில்லை. தட்டியிருந்தாலும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும், அது வேறு விஷயம்.

டம்ளர் சொம்பாகி, சொம்பு வாளியானது. பங்குனி முடியும்போது சடையப்பன் டீக்கடைக்கு நடந்து போய் வந்தான். வாளியில் தண்ணீர் தூக்குகிற அவனை யாரோ செல்போனில் வீடியோ எடுக்க, ஊரில் உள்ள செல்போனிலெல்லாம் அவன் குனிந்து நிமிர்ந்தான். படுத்திருந்தபோதாவது வாய் சும்மா இருந்தது. இப்போது டீக்கடையில் உட்கார்ந்து, "எல்லாம் பயந்தாங்க. வலின்னா பாதி மனசுதான்" என்று பிரசங்கம் செய்ய ஆரம்பித்தான். வீட்டிலும் அதே பாட்டு.

"பாதி மனசுன்னா மீதி பாதி இன்னாயா?" என்று கேட்டாள் பாக்கியம்.

"அதைத்தான் டாக்டரம்மா இன்னும் சொல்லல."

தைல வாசனை குறைந்திருந்தது. அவளுக்கு அவன் மீதிருந்த குமட்டல் மட்டும் குறையவில்லை. எழ முடிகிறவன்தான் இத்தனை நாள் படுத்திருந்தான் என்பதற்கு இப்போது சாட்சியும் கிடைத்துவிட்டதே. அவன் வாளியைத் தூக்கத் தூக்க அவளுக்கு வயிறு எரிந்தது. இவனுக்கு மலஜலம் எடுக்காத குறைதான், எல்லாம் ஒரு பயத்துக்கா என்று நினைப்பாள்.

கத்திரி வெயில் தொடங்கிய சமயம் அது நடந்தது. உப்பு நன்றாக விளைந்து, வாரல் ஓயாமல் நடந்தது. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று வரிசை ஓடாத குறையாக நடந்துகொண்டிருந்தது. வரப்பு திரும்புகிற இடத்தில் பாக்கியத்தின் இடது பாதம் நிமிராமல் துணி மாதிரி மடங்கியது. கூடையோடு பாத்திக்குள் விழுந்தாள். முழங்கை கிழிந்து, உப்புத் தண்ணீர் பட்டு, நெருப்பு வைத்தது போலத் துடித்தாள். அப்போதும் அவள் வாயிலிருந்து வந்தது, "பஸ்ஸு கவுந்துடுச்சிடி" என்பதுதான். பெண்கள் சிரித்துக்கொண்டே கைகொடுக்க வந்தார்கள். அர்ச்சுனன் மேட்டிலிருந்து, "பாத்தியைக் கலக்கிடாதீங்க, சேறு ஏறினா உப்பு கறுத்துடும்" என்று சத்தம் போட்டான். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. இடது காலை ஊன்ற முடியவில்லை.

மாரியம்மாளின் முகத்தில் சிரிப்பு மெதுவாகக் காணாமல் போனது.

செய்தி கேட்டு சடையப்பன் உப்பளத்துக்கு நடந்தே வந்தான். விழுந்த நாளுக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் கால் வைத்தது அன்றுதான். ஆட்டோவில் அவளைச் சமுதாயக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு அனுஷியா வருகிற நாள். அவள் பாக்கியத்தைப் பெஞ்சில் படுக்கவைத்து, "கால் விரலை மேல தூக்குங்கக்கா" என்றாள்.

வலது பாதம் தூக்கியது. இடது பாதம் அப்படியே கிடந்தது. இன்னொருமுறை சொன்னாள். பாக்கியம் பல்லைக் கடித்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, பாதம் அசையவில்லை. தன் காலே தன் பேச்சைக் கேட்காததைப் பார்த்தபோது அவளுக்குப் பயத்தைவிட அருவருப்புத்தான் முதலில் வந்தது. செத்த மீனைத் தொட்டது போல அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"செருப்பு கழண்டு விழுந்தா தெரியுதா?" என்று கேட்டாள் அனுஷியா.

இந்த முறையும் கூட வந்தவள்தான் பதில் சொன்னாள். "எங்க தெரியுதும்மா? நாந்தானே கூப்ட்டு சொல்லுவேன்" என்றாள் மாரியம்மாள்.

அனுஷியா தன் பையிலிருந்த பேப்பர்களைப் புரட்டி, பாக்கியத்தின் பேரைக் கண்டதும் நிமிர்ந்தாள். "இவங்களா பச்சை? இதெல்லாம் யாரு சொன்ன பதில்?"

சடையப்பன் தலை குனிந்தான். வலியில்லாமல்தான் குனிந்தான், அதைப் பாராட்ட அப்போது யாருக்கும் மனசில்லை.

புதுச்சேரியில் மறுபடி ஒரு ஸ்கேன். இந்த முறை படத்தைப் பார்த்த டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். நரம்பு நசுங்கியிருக்கிறது, இப்போதைக்குக் கத்தி வேண்டாம். பாதம் திரும்பவும் தூக்கினாலும் தூக்கும். அது அவள் கையில்தான் இருக்கிறது. வலியை மீறிச் சுமந்துகொண்டே இருந்தால் அந்தக் கால் அவ்வளவுதான், இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஊரில் காலை இழுத்து நடக்கிற பெண்ணுக்கு உப்பளத்தில் வேலையில்லை. பாக்கியத்துக்கு வேறு வேலையும் தெரியாது.

கொஞ்ச நாள் படுக்கை. வந்தார்கள், பன்னும் வாழைப்பழமுமாக. "எப்டி இருந்த பொம்பள" என்றார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சடையப்பன் சோற்றைக் குழைய வடித்துக் கொண்டுவந்து வைத்தான். தைலத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தபோது, பாட்டிலைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள்.

"உன்னை எவன்யா எனக்கு வலி இல்லன்னு சொல்லச் சொன்னது?"

"நீதான் சொன்ன" என்றான் அவன். சத்தம் போடாமல்தான் சொன்னான். "இத்தினி வருஷமா தெனமும் நீதான் சொன்ன. நான் இன்னா கண்டேன்? நீ சொன்னதைத்தானே சொன்னேன்."

அவனைப் பற்றி அவள் கூடத்தில் சொன்னதெல்லாம் கண்ணால் பார்த்துச் சொன்னது. அவளைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் காதால் கேட்டுச் சொன்னது. பார்ப்பதற்கு அவள் எதையும் வெளியே வைக்கவில்லையே. பக்கத்தில் படுத்திருப்பவனுக்குத் தெரியாமல் இடுப்பில் கட்டிய துணியை இருட்டில் அவிழ்த்து, இருட்டில் கட்டிக்கொண்டவள் அவள்தான். இது தெரிந்தபோது மனசு லேசாகவில்லை. அவனை வெறுக்க இருந்த ஒரு நல்ல காரணம் கையைவிட்டுப் போன எரிச்சல்தான் மிச்சம்.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் அனுஷியா வீட்டுக்கே வந்தாள். "எங்கூட்லயும் அப்பாதான் எல்லாருக்கும் பதில் சொல்லுவாரு. தெரிஞ்சிருந்தும் விட்டுட்டேன்க்கா, என் தப்பு" என்றாள். "திரும்பக் கேக்கறேன். நீங்களே சொல்லுங்க."

முதல் கேள்விக்கே சடையப்பன் வாயெடுத்தான். "நீ போயி டீக்கடையில ஒக்காருயா" என்றாள் பாக்கியம். அவன் போனான்.

"வலி வந்தா என்ன செய்வீங்க?"

"வேலை செய்வேன்."

"நிறுத்தணும்னு தோணுமா?"

"தோணி இன்னா பண்றது?"

"யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?"

பாக்கியத்துக்குச் சொன்ன ஞாபகமே வரவில்லை. நகைச்சுவையாகச் சொன்னது கணக்கில் சேருமா என்று கேட்டாள். சேராது என்றாள் அனுஷியா. நீல அட்டை கொடுத்தாள், ஊர் பாஷையில் முரடு. அதற்கு வைத்தியம், வலி வருவதற்கு முன்னாலேயே உட்காருவது. முடிகிறது என்று தோன்றும்போதே நிறுத்துவது. பாதிக் கூடைக்கு மேல் சுமக்கக் கூடாது. செல்போனில் மணி அடிக்கும்படி வைத்துக் கொடுத்தாள். அடித்ததும் கூடையை இறக்கிவிட வேண்டும்.

"வலிக்காம இருக்கறப்பவே ஒக்காரணுமா? அது இன்னா பொழப்பு" என்று முகத்தைச் சுளித்தாள் பாக்கியம். டாக்டர் தாள் தாளாகத் திட்டம் போட்டுவிட்டுப் போவாள். வரப்பில் வரிசை நிற்குமா?

அர்ச்சுனன்தான் ஒரு வழி சொன்னான். "உன் வீட்டுக்காரரு வரட்டும். ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு. கும்பலுக்கு நஷ்டம் இல்ல, எனக்கும் நஷ்டம் இல்ல." வாளி தூக்கிப் பழகிய சடையப்பன் இப்போது கூடைக்கு வந்தான். பெண்கள் வரிசையில் ஓர் ஆண். அவள் பாதிக் கூடை சுமப்பாள், மீதியை அவன் பின்னால் கொண்டுவருவான்; மணி அடித்தால் இறக்குவாள், அதையும் அவன் ஏற்றிக்கொள்வான். ஒரு முழு ஆளாக இத்தனை காலம் நடந்தவள், மீசை வைத்த மனுஷனோடு சேர்ந்து ஓர் ஆள் ஆனாள். இதைவிடக் கேவலம் உண்டா என்று அவளுக்கு இருந்தது.

மேட்டில் கவிழ்த்த கூடை மேல் உட்காருவதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. மற்றவர்கள் சுமையோடு அவளைக் கடந்து போவார்கள். கடந்து போகும்போது அந்தப் பார்வை. அவளே எத்தனை பேர் மீது வீசிய பார்வை அது. "மகாராணி கொலு வந்துட்டாங்க" என்றாள் ஒருத்தி. மகாராஜா எழுந்தாரா, மகாராஜா சாப்பிட்டாரா என்று இரண்டு வருஷம் கட்டிலைப் பார்த்துச் சொன்ன வாய் இவளுடையது. திருப்பிக் கொடுக்க நாக்கு வரைக்கும் வந்ததை எச்சிலோடு விழுங்கினாள். படுத்துக் கிடந்தவனுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அவளுக்கு அந்த நினைப்பும் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் செல்போனுக்கு சார்ஜ் போட மறந்துவிட்டாள். உப்பளத்தில் அது செத்துப்போயிருந்தது. மணி அடிக்கவில்லை. அடிக்காதது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பழைய மாதிரி முழுக் கூடையாக ஏற்றச் சொன்னாள். மாரியம்மாளும் பழக்கத்தில் ஏற்றிவிட்டாள். கொஞ்ச நேரம் பழைய பாக்கியமாக, வரிசைக்கு முன்னால் வீச்சாக நடந்தாள். வரப்பு திரும்புகிற அதே இடத்தில் இடுப்பிலிருந்து இடது கால் வரைக்கும் சுளீரென்று ஒரு வலி இறங்கியது. அதற்கு ஒரு தமாஷ் வாயில் தயாராக இருந்தது. டவுன் பஸ்ஸைப் பற்றியதுதான். அவள் அதைச் சொல்லவில்லை. நின்றாள். பின்னால் வரிசை நின்றது.

"எனக்கு வலிக்குது" என்றாள்.

வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்த வரப்பில் அவள் அப்படிச் சொன்னதில்லை. மாரியம்மாள் களுக்கென்று சிரித்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் சிரித்தாள். தலைச்சுமையோடு வரிசை முழுக்கச் சிரித்துக் குலுங்கியது. "இன்னிக்கு பாக்கியம் நல்லா குஷியாத்தான் வந்துருக்குது" என்றான் அர்ச்சுனன் மேட்டிலிருந்து. பாத்தியில் பலகை பிடித்தவர்களும் சிரித்தார்கள். தமாஷ் என்றே நினைத்தார்கள். எது தமாஷ், எது இல்லை என்று பிரித்துப் பார்க்க அவள் யாரையும் பழக்கிவைக்கவில்லை.

சடையப்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் வரிசையில் கடைசியில் நின்றான். கூடையைப் பாத்தி ஓரத்தில் சாய்த்துவிட்டு, சேற்றில் இறங்கி, எல்லாரையும் கடந்து வந்தான். எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை, எவ்வளவு என்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி அவள் தலையிலிருந்து கூடையை இறக்கினான். அவன் முகத்தைப் பார்த்தாள். உச்சுக்கொட்டுகிறவர்களின் முகம் இல்லை அது. வலிக்கிறது என்றால் என்னவென்று தெரிந்தவனின் முகம். அவள் சொன்னதை அப்படியே நம்பிய ஒரே ஆள் இந்த மனுஷன்தானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. வேறு யாராவதாக இருந்திருக்கலாம்.

"ஒக்காரு" என்றான்.

வரப்பிலேயே உட்கார்ந்தாள். சிரிப்பு ஓய்ந்து, வரிசை அவளைச் சுற்றிக்கொண்டு பாத்தி வழியாக நடந்தது. மாரியம்மாள் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சடையப்பன் வந்த வழியே கொஞ்ச தூரம் நடந்து, குனிந்து, பின்னால் கிடந்த இடது கால் செருப்பை எடுத்துவந்து, அவள் பாதத்தில் மாட்டிவிட்டான். பிறகு அவளுடைய கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மேட்டை நோக்கிப் போனான்.

அவள் காலை நீட்டி, செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.